நாலுக்கு ஆறு... நாலு பேர் தகராறு!

காலை 7.40. எட்டே காலுக்கு பஸ். முகம் முழுக்க சோப்பு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ஷாம்பு பாட்டிலைத் தேடி ஜன்னல் திட்டுல கையை வைக்கிறீங்க. 'டம்... டம்... டம்'னு வரிசையா மூணு ஐட்டம் சரியுது. அதுல ஒண்ணு நேரா டாய்லெட்டுக்குள்ளே! கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல்... "மச்சி, விழுந்தது என் பிரஷ் இல்லையே?"

அவனோட பிரஷ்தான்!

வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களா நீங்க? அப்போ இந்த சீன் உங்களுக்குப் புதுசா இருக்காது. ஹால்ல எத்தனை பேர் வேணும்னாலும் படுக்கலாம். கிச்சன்ல முட்டையும் நூடுல்ஸும்தான், சண்டைக்கு வழியில்லை. ஆனா, பாத்ரூம் மட்டும் ஒண்ணே ஒண்ணு. ரூம்மேட்ஸ் பிரிஞ்ச கதைகளை விசாரிச்சுப் பாருங்க... பாதிக்கு மேல 'என் சோப்பை யார்றா எடுத்தது?'ன்னுதான் ஆரம்பிச்சிருக்கும்.

நானும் மூணு பேரோட அப்படி ஒரு வீட்டுல மூணு வருஷம் குப்பை கொட்டினவன்தான். அங்கே பட்ட அவஸ்தையில கத்துக்கிட்டதைச் சொல்றேன். உங்களுக்காவது அட்வான்ஸ் காசு மிஞ்சட்டும்!

தரையைப் பார்க்காதீங்க, சுவரைப் பாருங்க

டாய்லெட்டும் குளியலும் ஒண்ணா இருக்கிற அறைன்னா குறைஞ்சது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி இருக்கணும்னு நம்ம நாட்டோட தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. எங்க வீட்டுல இருந்தது நாலுக்கு ஆறு. 24 சதுர அடி! அதுல டாய்லெட், பக்கெட், வாஷ்பேஸின் போக, ஒரு ஆள் நிக்கலாம். திரும்பணும்னா யோசிச்சுத் திரும்பணும்.

ஆனா, ஒரு சின்னக் கணக்கு போடுங்க. நாலுக்கு ஆறு அறையோட சுற்றளவு 20 அடி. உயரம் எட்டு அடின்னு வெச்சுக்கிட்டாலும் சுவர் மட்டும் 160 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழிச்சாலும் 130-க்குக் குறையாது. தரையைவிட அஞ்சு மடங்கு! ஆக, இடம் இருக்கு பாஸ். நாமதான் எல்லாத்தையும் தரையிலயும் ஜன்னல் திட்டுலயும் குவிச்சு வெச்சிருக்கோம்.

முதல் வேலை... காலி பண்றது

கடைக்கு ஓடி ஷெல்ஃப் வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை ஹால்ல பழைய பேப்பரை விரிங்க. பாத்ரூம்ல இருக்கிற அத்தனையையும் கொண்டுவந்து பரப்புங்க. நாங்க பரப்பினப்போ 41 ஐட்டம். அதுல 11 காலி பாட்டில். மூணு பிரஷ்ஷுக்கு உரிமையாளரே இல்லை. ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில், எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்களோடது!

காலி பாட்டிலைக் கழிச்ச பிறகு, மிச்சத்தை ரெண்டாப் பிரிங்க. தினமும் தண்ணியோட பயன்படுத்துறது ஒரு பக்கம். 'சும்மா அங்கே இருக்கு' இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது பக்கம் எதுவும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

மாத்திரை, மருந்து போகவே கூடாது. ஈரமும் சூடும் மாறி மாறி வர்ற இடத்துல மருந்து சீக்கிரம் கெட்டுப்போகும். பிரிக்காத சோப்பு, ஸ்டாக் வெச்சிருக்கிற பேஸ்ட், சானிட்டரி நாப்கின் பாக்கெட் எல்லாம் பீரோவுலயோ அலமாரியிலயோ காய்ஞ்ச இடத்துல இருக்கட்டும். நாப்கின்ல அன்னிக்குத் தேவையானதை மட்டும் மூடி உள்ள ஒரு டப்பாவுல உள்ளே வெச்சுக்கலாம். டிரிம்மரும் ஹேர் டிரையரும் ஹால்ல சார்ஜ் ஏறட்டும், ஹால்லயே ஓடட்டும். ஈரக் கையும் கரன்ட்டும் எப்பவும் ஃப்ரெண்ட்ஸ் ஆகாது.

எங்க 41, இப்படிக் குறைஞ்சு 17-ல் வந்து நின்னுச்சு. அப்பவே பாதிப் பிரச்னை தீர்ந்துபோச்சு. செலவு? சைபர்!

ஆளுக்கு ஒரு கூடை

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். மத்ததை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. பாத்ரூம்ல 'இடம் இல்லை'ங்கிறது நிஜமான பிரச்னை இல்லை. 'எனக்குன்னு ஒரு இடம் இல்லை'ங்கிறதுதான் பிரச்னை.

நாலு பேருக்கும் பொதுவா ஒரு பெரிய ஷெல்ஃப் வாங்கினீங்கன்னா, ஒரே வாரத்துல அது இன்னொரு ஜன்னல் திட்டா மாறிடும். அதுக்குப் பதிலா, கைப்பிடி வெச்ச, அடியில ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் கூடை நாலு, நாலு கலர்ல வாங்குங்க. சென்னைன்னா ரங்கநாதன் தெரு, மத்த ஊர்ன்னா உங்க ஊர் பாத்திரக்கடைத் தெரு. நாலும் சேர்ந்தே ஒரு பிரியாணி காசுதான் வரும். பிரஷ், பேஸ்ட், சோப்பு டப்பா, ரேஸர், ஷாம்பு... அவங்கவங்க ஐட்டம் அவங்கவங்க கூடையில. குளிக்கப் போறப்போ எடுத்துட்டுப் போ, வர்றப்போ எடுத்துட்டு வா. கூடைகள் வெளியே கதவுக்குப் பக்கத்துல வரிசையா நாலு ஹூக்ல தொங்கட்டும். ஈரமும் காயும், சண்டையும் காயும்.

லேடீஸ் ஹாஸ்டல் தோழிகள் சிரிப்பாங்க. 'இதைத்தானே நாங்க முதல் வருஷத்துல இருந்தே பண்றோம்'னு! நெஜம்தான். பொது பாத்ரூம் இருக்கிற ஹாஸ்டல்ல அவங்க பக்கெட்டே ஷெல்ஃப். அதோட விளிம்புல ரெண்டு 'எஸ்' ஹூக்கை மாட்டி, ஒண்ணுல சோப்புப் பை, இன்னொண்ணுல ஸ்க்ரப்பர்னு தொங்கவிட்டா, உள்ளே தண்ணி பிடிக்கவும் இடம் மிஞ்சும்.

இந்தக் கூடை விஷயத்துல சுத்தம் மட்டும் இல்லை, உடம்பும் இருக்கு. எங்க ரூம்ல ஒரு 'பொது ரேஸர்' இருந்துச்சு. அவசரத்துக்கு யார் வேணும்னாலும் எடுப்போம். மருத்துவம் படிக்கிற ஒரு சீனியர் ஒருநாள் வந்தவர், அதைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ரத்தத்துல பரவுறது. உடம்புக்கு வெளியே குறைஞ்சது ஏழு நாள் அது உயிர்ப்போட இருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு துளி ரத்தம் ரேஸர்லயோ பிரஷ்லயோ ஒட்டியிருந்தாலே போதும். 'நண்பேன்டா'ன்னு எதை வேணும்னாலும் பங்கு போட்டுக்கோங்க... ரேஸரும் பிரஷ்ஷும் மட்டும் வேண்டாம்.

ஓட்டை போடாமலே ஷெல்ஃப்

சரி, ஹேண்ட்வாஷ், துணி சோப்பு, ஷாம்பு பெரிய பாட்டில்னு பொதுவா சிலது உள்ளே இருந்தே ஆகணும். வாடகை வீடு. சுவத்துல ஆணி அடிச்சா ஓனர் முறைப்பார். என்ன பண்ணலாம்?

கதவோட முதுகு: கதவு மேல அப்படியே மாட்டுற ஹூக் வரிசை கிடைக்குது. டவல், மாத்துத் துணி எல்லாம் அதுல. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. கதவோட தடிமன் எவ்வளவு? கதவை மூடினா மேல இடைவெளி இருக்கா? ஒரு ரூபாய் காசை மேல வெச்சுக் கதவை மூடிப் பாருங்க. காசு இடிச்சா, ஹூக்கும் இடிக்கும்.

ஸ்ட்ரெஸ் கம்பி: உள்ளே ஸ்பிரிங் வெச்ச கம்பி. ரெண்டு சுவருக்கு நடுவுல திருகி இறுக்கினா நிக்கும். நாலு அடி அகலம்னா சுலபமா பொருந்தும். எஸ் ஹூக் போட்டு சின்னக் கூடைகளைத் தொங்கவிடலாம். ஈர ஜீன்ஸைத் தொங்கவிட்டா கம்பி கீழே... நீங்களும் கீழே!

ஒட்டுற ஷெல்ஃப்: பின்னாடி பசை உள்ளது. இது நிக்குறதும் விழறதும் நம்ம கையிலதான் இருக்கு. வழவழப்பான டைல்ஸ்ல மட்டும் ஒட்டணும். ரெண்டு டைல்ஸ் சேர்ற கோட்டு மேல ஒட்டினா காத்து புகுந்து கழண்டுடும். சோப்பு அழுக்கு போகத் துடைச்சு, ஸ்பிரிட் தொட்டு இன்னொரு தடவை துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு ஒட்டுங்க. ஒட்டினதும் அவசரப்பட்டு சாமான் அடுக்காதீங்க. ஒருநாள் முழுசா சும்மா விடுங்க. நாலு பேர் இருக்கிற வீட்டுல அந்த ஒருநாள் யாரும் குளிக்காம இருக்கிறதுதான் பெரிய சவால்... செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஒட்டிட்டுப் போயிடுங்க!

வாக்யூம் கப்: அழுத்தினா ஒட்டிக்கிற ரப்பர் கப். சோப்பு டப்பா, பிரஷ் ஸ்டாண்டு மாதிரி லேசான ஐட்டத்துக்கு ஓகே. ஒரு லிட்டர் ஷாம்பு பாட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு 'தடால்'னு ஒரு சத்தம். திருடன்னு நினைச்சுக் கிரிக்கெட் பேட்டோட போனா... ஷாம்பு, கண்டிஷனர், ஷெல்ஃப் மூணும் தரையில படுத்துக்கிடந்துச்சு.

மூலை ஸ்டாண்டு: தரையில நிக்குற மூணு அடுக்கு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. அழகு கம்மி, நம்பிக்கை ஜாஸ்தி. கனமானது கீழ் தட்டுல, லேசானது மேல் தட்டுல. வீடு மாறுறப்போ தூக்கிட்டுப் போயிடலாம்.

டிரில்லை எடுத்த கதை

இப்போ எங்க வீரதீரக் கதை. ரெண்டாவது வருஷம். எங்க ரூம் மெக்கானிக்கல் மாப்பிள்ளைக்கு எங்கேயோ ஒரு டிரில்லிங் மெஷின் ஓசியில கிடைச்சுது. ஓனர் குடும்பத்தோட ஊருக்குப் போயிருந்தார். 'நாலே ஓட்டை. அவர் வர்றதுக்குள்ளே ஷெல்ஃப் மாட்டி அசத்திடலாம்டா'ன்னான். நாங்களும் தலையாட்டினோம்.

மூணு ஓட்டை முடிஞ்சுது. நாலாவது, குழாய்க்கு நேர் மேலே. ஒரு சின்ன 'சொர்ர்ர்'... அடுத்த செகண்ட் மாப்பிள்ளை முகத்துல தண்ணி! சுவத்துக்குள்ளே ஓடுற பைப்பைத் துளைச்சுட்டான். கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு அவன் கத்துறான். மேல் டேங்க் வால்வு எங்கே இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியலை. மொட்டைமாடிக் கதவு பூட்டு. சாவி ஓனர்கிட்ட. டேங்க் காலியாகுற வரைக்கும் கொட்டுச்சு. கீழ் வீட்டுக்காரங்க வந்து திட்டினது தனி எபிசோட்.

பிளம்பர் சுவத்தை உடைச்சாதான் வேலை நடக்கும்னார். உடைச்ச டைல்ஸ் டிசைன் கடையில நின்னு பல வருஷம் ஆச்சு. பச்சைப்பூ சுவத்துக்கு நடுவுல மூணு வெள்ளை டைல்ஸ், காமெடி பீஸ் மாதிரி நின்னுச்சு. காலி பண்றப்போ ஓனர் எல்லாத்தையும் கணக்குப் போட்டு அட்வான்ஸ்ல கழிச்சார். தப்பு எங்க மேலதானே, வாயைத் திறக்க முடியலை. வீட்டுல சொல்லவும் முடியாம நாலு பேரும் ஒரு மாசம் மெஸ்ஸுல ஆம்லெட் இல்லாமச் சாப்பிட்டோம்.

அதனால சொல்றேன், ஓட்டை போட்டே ஆகணும்னா இந்த வரிசையை மாத்தாதீங்க...

1. ஓனர்கிட்ட முதல்லயே கேளுங்க. வாட்ஸ்அப்ல ஒரு 'சரி' வாங்கி வெச்சுக்கோங்க. நிறைய ஓனர்கள், 'நல்ல ஷெல்ஃபா மாட்டி இங்கேயே விட்டுட்டுப் போறதா இருந்தா சரி'ன்னு சொல்லிடுவாங்க. சிலர் பாதிக் காசுகூடக் கொடுப்பாங்க. கேட்டாதானே தெரியும்?

2. குழாய், ஷவர், கீஸர், ஸ்விட்ச்போர்டு... இதுங்களுக்கு நேர் மேலயும் நேர் கீழயும், ஒண்ணுக்கொண்ணு நடுவுலயும் கை வைக்காதீங்க. பைப்பும் ஒயரும் பெரும்பாலும் அந்தக் கோட்டுலதான் ஓடும். வீட்டுல பிளம்பிங் பண்ணினவர் யாருன்னு ஓனருக்குத் தெரிஞ்சா, அவரையே ஒரு வார்த்தை கேட்டுடுறது பெஸ்ட்.

3. தண்ணி வால்வும் மெயின் ஸ்விட்ச்சும் எங்கே இருக்குன்னு முன்கூட்டியே பார்த்து வெச்சுக்கோங்க. டிரில் எடுக்காட்டியும் இது தெரிஞ்சிருக்கணும்.

4. டைல்ஸுக்குன்னு தனி பிட் இருக்கு. ஓட்டை போடுற இடத்துல செல்லோ டேப்பையோ மாஸ்கிங் டேப்பையோ ஒட்டினா பிட் வழுக்காது. ஹேமர் மோடு வேண்டாம். மெதுவா, அப்பப்போ தண்ணி தொட்டு ஓட்டுங்க. டைல்ஸ் விளிம்புல போட்டா கீறல் விடும். பிளாஸ்டிக் பிளக், டைல்ஸைத் தாண்டி சுவத்துக்குள்ளே போயிருக்கணும்.

இல்லைன்னா எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுடுங்க. அரை மணி நேர வேலை. அவர் கேக்குற கூலி, பைப் உடைச்ச செலவுக்கு முன்னாடி தூசு.

அட்வான்ஸ் பத்தி இன்னொரு தகவல். சென்னையில பத்து மாச வாடகையை அட்வான்ஸா வாங்குற பழக்கம் ரொம்ப காலமா இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்காத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக் கூடாது. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வரியைப் படிங்க. குடி வர்ற அன்னிக்கே பாத்ரூம் சுவர் நாலையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு நீங்க காசு கொடுக்க வேண்டாம், பாருங்க.

எதுல செஞ்சது?

கடையில பளபளன்னு மின்னுறதைப் பார்த்து மயங்காதீங்க. முலாம் பூசின இரும்பு, நம்ம ஊர் உப்புத் தண்ணிக்கு வெல்டிங் வெச்ச இடத்துல இருந்து துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துரு ஒழுகி டைல்ஸ்ல கறை விழுந்தா, அதுவும் உங்க அட்வான்ஸ்தான்! ஸ்டீல்னா 304 கிரேடு கேளுங்க. விலை கொஞ்சம் கூட, ஆனா உழைக்கும். சாதா பிளைவுட்டும் மரத்தூள் பலகையும் தண்ணி பட்டா ஊதிடும். பட்ஜெட் இடிக்குதா? கெட்டியான பிளாஸ்டிக்கே போதும்.

சொந்த வீட்டுல, ஊர்ல அம்மாவுக்காகச் செய்றீங்களா? கொத்தனாரைக் கூப்பிட்டு மூலையில முக்கோணமா ரெண்டு கடப்பா கல் பதிச்சுடுங்க. துருப்பிடிக்காது, ஊதாது, கழண்டு விழாது. லேசா முன்பக்கம் சாய்வா வெக்கச் சொல்லுங்க, தண்ணி தேங்காது. விளிம்பை மழுக்கச் சொல்ல மறக்காதீங்க.

ஷெல்ஃபோட அகலம் அஞ்சு இஞ்ச் இருந்தா தாராளம். அதுக்கு மேல போனா தோள்ல இடிக்கும். உயரம், நின்னுக்கிட்டுக் கையை நீட்டினா எட்டுற அளவு. டாய்லெட்டுக்கு மேல இருக்கிற சுவர் நல்ல இடம்தான். ஆனா, ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறக்க இடம் விடணும். அங்கே பிரஷ் மாதிரி சின்ன ஐட்டம் வேண்டாம். ஏன்னு முதல் பாராவுலயே பார்த்துட்டோம்!

இதை மட்டும் சீரியஸா படிங்க

டாய்லெட் கழுவுற ஆசிட் வகை கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும். நுரையீரலைத் தாக்குற விஷ வாயு அது. 24 சதுர அடி அறையில, கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவுறப்போ அது வந்தா, யோசிக்கக்கூட நேரம் இருக்காது. ஒண்ணை பாத்ரூம்ல வெச்சா, இன்னொண்ணு வெளியே. எப்பவும் ஏதாவது ஒண்ணைத்தான் பயன்படுத்தணும். ரெண்டும் கீழ்த் தட்டுலயே இருக்கட்டும். தலைக்கு மேல இருந்து கண்ணுல கொட்டக் கூடாது. கூல் டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

கீஸர் பைப்பையும் ஒயரையும் கொடியா நினைச்சுத் துணி தொங்கவிடாதீங்க. ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஷெல்ஃப் வெச்சு மறைக்காதீங்க. காத்து ஓடலைன்னா எந்த ஷெல்ஃபா இருந்தாலும் பூஞ்சைதான் முதல் குடித்தனம்.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்தப் பச்சைப்பூ பாத்ரூமை விட்டு நாங்க கிளம்பி வருஷங்கள் ஆச்சு. மெக்கானிக்கல் மாப்பிள்ளை இப்போ வேற ஊர்ல. போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய பாத்ரூம், கண்ணாடி ஷெல்ஃப், எல்லாம் இருக்கு. கதவுக்கு வெளியே ஒரு ஹூக்ல ஊதா கலர் பிளாஸ்டிக் கூடை தொங்குது. கைப்பிடி உடைஞ்சு, சணல் போட்டுக் கட்டியிருக்கான். "ஏண்டா இதை இன்னும் வெச்சிருக்கே?"ன்னு கேட்டேன். "அது என்னோடதுடா"ன்னான்.

இந்த ஞாயித்துக்கிழமை பேப்பரை விரிங்க. எத்தனை காலி பாட்டில் தேறுதுன்னு எண்ணுங்க. அப்படியே உங்க ரூம்மேட்டோட பிரஷ்ஷையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைங்க, ப்ளீஸ்!